நாச்சிமுத்துவுக்கு ஊற்றிய எண்ணெய்

பங்குனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் படுத்திருந்து, இருதயத்துக்குப் போகும் குழாயில் இரண்டு ஸ்டென்ட் வைத்துக்கொண்டு காங்கயத்துக்குத் திரும்பிய நாச்சிமுத்து, வாடகைக் காரின் கதவைத் திறந்து கால்களை வெளியே போட்டபோது, அந்தக் கால்கள் தரைக்கு நான்கு விரற்கடை மேலேயே நின்றுவிட்டன. ஆரத்தித் தட்டோடு வாசலில் காத்திருந்த பக்கத்து வீட்டு ரங்கநாயகி மூன்று சுற்றுச் சுற்றி, சிவந்த தண்ணீரை அவர் முன்னால் ஊற்றிவிட்டு, காலை நனைக்காமல் உள்ளே போகச் சொல்ல வாயெடுத்து, சொல்லத் தேவையில்லை என்று கண்டு, "ஆஸ்பத்திரிச் சாப்பாடு. ஒடம்புல ஒண்ணுமில்லாமப் போச்சு, வேறென்ன" என்றாள். அவர் மனைவி சாந்தாமணி மாத்திரைப் பையை ஒரு கையிலும் ஃபைலை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு பின்னாலேயே இறங்கினாள். அவளுக்கும் அது தெரிந்தது. ஆனால் ஆள் உயிரோடு வீடு வந்து சேர்ந்திருக்கும்போது நான்கு விரற்கடையைப் பெரிதுபடுத்த அவளுக்கு மனமில்லை.

ஆலமரத்துத் தோட்டம் மூன்றாம் வீதியிலிருந்து அன்று வந்து பார்த்துப்போன முப்பது நாற்பது பேரில், கால் ஏன் தரையில் படவில்லை என்று கேட்டவர்கள் இரண்டு மூன்று பேர்தான். மற்ற எல்லோரும் ஆரஞ்சுப் பையைச் சாந்தாமணியிடம் கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஆஸ்பத்திரி வராந்தாவில் பதினோரு நாளும் பார்க்க வந்த ஒறம்பரைச் சொந்தங்கள் கேட்ட அதே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"வீட்டுல என்ன எண்ணெய் ஊத்துவே?"

"கடலெண்ணெய்தானுங்க. செக்குல ஆட்டுனது."

"கடலெண்ணெயா" என்று அவர்கள் சொல்லும் விதத்தில், போலீஸ்காரர் காணாமல் போன பொருளைக் கண்டெடுத்துவிட்ட ஒரு திருப்தி இருந்தது. நிலக்கடலையே பித்தம் என்றார் ஒருவர். செக்கில் ஆட்டினது என்று சொல்லி இப்போது எதையெதையோ கலக்கிறார்கள் என்றார் இன்னொருவர். எங்கள் வீட்டில் பத்து வருஷமாக சூரியகாந்திதான், அவருக்கு ஒரு தலைவலி கூட வந்ததில்லை என்று சொன்ன பெண்ணின் வீட்டுக்காரர் இரண்டு தடவை சர்க்கரையில் மயங்கி விழுந்தவர். சாந்தாமணி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கேள்வி எண்ணெயைப் பற்றியது போலத் தெரிந்தாலும், அது தன் கையைப் பற்றியது என்று அவளுக்குத் தெரியும். இருபத்தாறு வருஷமாக அந்த மனிதனின் தட்டில் விழுந்த ஒவ்வொரு சொட்டும் அவள் கையால் விழுந்தது.

அவள் யாரிடமும் சொல்லாதது ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பஜ்ஜியோ அப்பளமோ தட்டைவடையோ சுட்ட பிறகு, வாணலியில் மிஞ்சும் எண்ணெயை ஆறவைத்து, வடிகட்டி, மேடை மூலையில் இருக்கும் எவர்சில்வர் தூக்குப்போசியில் ஊற்றி வைப்பாள். திங்கட்கிழமைப் பொரியலுக்கு அதில்தான் தாளிப்பு, செவ்வாய்க்கிழமைக் குழம்புக்கும் அதில்தான், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அது திரும்ப வாணலிக்கு வரும், மேலே புதிய எண்ணெய் கொஞ்சம் சேரும், திரும்பப் போசிக்குப் போகும். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் போசி ஒருமுறையும் முழுசாகக் காலியானதில்லை. ஆகவே அதன் அடியில் கல்யாணமான வருஷத்து எண்ணெயில் ஒரு சொட்டாவது இருந்திருக்க வேண்டும். சாந்தாமணி எதையும் வீணாக்காத பொம்பளை என்று மாமியார் ஊரெல்லாம் சொன்னது அந்தப் போசியைப் பார்த்துத்தான். ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும் நாளில் டாக்டர் மாத்திரை எழுதிக்கொண்டே, தலையைத் தூக்காமல், "பொரிச்ச எண்ணெயத் திரும்பத் திரும்பச் சூடு பண்ணாதீங்க, அதுதான் கெடுதல்" என்று சொன்னார். நாச்சிமுத்து அப்போது சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். கேட்டவள் அவள் ஒருத்திதான்.

அன்று பொழுதோட, விளக்கு வைக்கும் நேரத்தில், எல்லோரும் போன பிறகு, அவள் நாற்காலி போட்டு ஏறி, தூக்குப்போசியைச் சமையலறையின் மேல்சிலாப்பில், பித்தளை அண்டாவுக்குப் பின்னால் தள்ளி வைத்தாள். கீழே கொட்டியிருக்கலாம். ஆனால் கொட்டினால் சாக்கடையில் நிற்கும், சாக்கடை ரங்கநாயகியின் வீட்டுச் சுவரை ஒட்டிப் போகிறது, அவ்வளவு கறுத்த எண்ணெயை ரங்கநாயகி பார்க்காமல் இருக்கமாட்டாள்.

மறுநாளிலிருந்து அந்த வீட்டு அடுப்பில் எண்ணெய் என்ற பேச்சே இல்லை. இட்லி, இடியாப்பம், கொள்ளுப் பருப்பு, உப்புப் போட்டு வேகவைத்த பீர்க்கங்காய். கடுகைக் கூட வெறும் சட்டியில் போட்டு வெடிக்க வைத்தாள். தினமும் காலையில் நாச்சிமுத்து கட்டிலை விட்டு இறங்கும்போது தரை அவரிடமிருந்து இன்னும் கொஞ்சம் விலகியிருந்தது. பத்து நாளில் ஒரு சாண். சித்திரை பிறந்தபோது ஒரு முழம்.

ஊர் அதைப் பழகிக்கொண்டது. டெய்லர் அவருடைய பேன்ட்டுகளின் கால் மடிப்பைப் பிரித்துவிட்டு, கூலி வாங்காமல், வேட்டிதான் உங்களுக்குத் தோது, தரை தெரியாது என்று யோசனை சொன்னார். டவுன் பஸ் கண்டக்டர் அவர் ஏறியதும், அண்ணா கம்பியப் புடிச்சுக்கங்க, திருப்பத்துல சன்னல் வழியாப் போயிருவீங்க என்று தினமும் நினைவுபடுத்தினார். அவர் வேலை பார்த்த எடைமேடையில் லாரி ஏறி நிற்கும்போதே அவர் மேடை மேல் நடந்துபோய் வண்டி எண்ணைச் சரிபார்த்து வந்தாலும் திரையில் எண் அசைவதில்லை என்பதால், இவரைப் போல ஒரு நேர்மையான ஆபரேட்டர் ஜில்லாவில் இல்லை என்று கொப்பரை வியாபாரிகள் பேசிக்கொண்டார்கள். வீதியில் பல்பு போனால் அவரைக் கூப்பிட்டார்கள். முருங்கைக்காய் பறிக்கக் கூப்பிட்டார்கள். வேறு யாருக்கும் எட்டாத இடத்தில் ஒட்டடை அடித்துக் கொடுத்துவிட்டு ஒரு டம்ளர் மோர் குடித்து வந்தார். அவருக்கு அதில் சிரமம் ஒன்றும் தெரியவில்லை. நெஞ்சு லேசாக இருக்கிறது என்றார். படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை என்றார், படியில் கால் வைக்காததால் அது உண்மையாகவும் இருந்தது.

எண்ணெய்தான் ஆளைக் கீழே இழுக்கிறது என்பது குருநாதன் வாத்தியார் வீட்டு வளைகாப்பில் தெரிய வந்தது. நாச்சிமுத்து பந்தியில் யாரும் பார்க்காதபோது ஒரு மெதுவடையைத் தின்றுவிட்டார். கை கழுவப் போகும்போது அவர் இரண்டு விரற்கடை தாழ்ந்திருந்ததை வாத்தியார் பார்த்துவிட்டார். முப்பத்து மூன்று வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்து ரிட்டையரானவர். மறுநாள் காலையில் ஸ்கேலும் பென்சிலுமாக வந்து, நாச்சிமுத்துவைச் சுவரோரம் நிற்க வைத்து, குதிகாலுக்கு நேராக ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதினார்.

"வாரத்துக்கு ஒரு எண்ணெய் சாந்தாமணி. ஒண்ணோட ஒண்ணக் கலக்கக்கூடாது. தெனமும் ரெண்டு ஸ்பூன். அளவு மாறப்படாது."

"அவருக்கு நெஞ்சு வலிக்காதுங்களா வாத்தியாரே?"

"அதையும் எழுதிக்கலாம்" என்றார் வாத்தியார்.

அதன் பிறகு அந்த வீட்டுக்கு எண்ணெய் வந்தது போல எந்தக் கல்யாண வீட்டுக்கும் வந்திருக்காது. ரங்கநாயகி நல்லெண்ணெயைக் கொண்டு வந்தாள், பெயரிலேயே நல்லது இருக்கிறது, அதற்கு மேல் என்ன சோதிக்க வேண்டும் என்பது அவள் கட்சி. நல்லெண்ணெய் ஊற்றிய வாரம் நாச்சிமுத்து தூங்கும்போது மட்டும் தரைக்கு இறங்கினார், விழித்ததும் மேலே போனார், ஆகவே அந்த வாரம் முழுவதும் வீதிப் பெண்கள் அவரை எழுப்பாதே என்று சாந்தாமணியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தேங்காயெண்ணெய் வாரத்தில் காலைக் குளிரில் தரையோடு தரையாக இருந்தவர், வெயில் ஏற ஏற உயர்ந்து, நடுமத்தியானம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஓசூரில் இருந்த மகள் கோகிலா போனில் ஆலிவ் எண்ணெயைச் சொல்லி, சொன்னதோடு நிற்காமல் பார்சலில் அனுப்பியும் வைத்தாள். அதைப் பச்சையாகக் காய்கறி மேல் ஊற்றித் தின்ன வேண்டும் என்றாள். அவர் ஐந்து நாள் தின்று, ஏறவுமில்லை இறங்கவுமில்லை, ஆறாவது நாள், "இது நம்ம சோத்தோட பேச மாட்டேங்குது" என்று தட்டை நகர்த்திவிட்டார். சூரியகாந்திக்கு உயரம் சரியாகவே வந்தது, ஆனால் மாலையில் உட்கார்ந்த இடத்திலேயே மேற்கே பார்த்துத் திரும்பியிருந்தார், டி.வி. கிழக்குச் சுவரில் இருந்ததால் அது வசதிப்படவில்லை. வாத்தியார் வீட்டுத் தவிட்டெண்ணெய் நன்றாகத்தான் இறக்கியது, ஒரு பக்கமாக. இடது கால் தரையில், வலது கால் ஒரு சாண் மேலே. ரேஷன் பாமாயிலை ஒரே ஒரு வேளை ஊற்றினாள். தொப்பென்று விழுந்து முழங்கால் வீங்கிவிட்டது, அவள் அன்று இரவுச் சாப்பாட்டில் தண்ணீர் தவிர வேறு ஈரம் எதையும் சேர்க்கவில்லை.

ஒவ்வொரு எண்ணெயையும் அவள் பயந்துகொண்டே ஊற்றினாள். ஊற்றினால் நெஞ்சு என்ன ஆகுமோ, ஊற்றாவிட்டால் ஆள் எங்கே போவாரோ. அவள் ஸ்பூனைப் பிடித்திருந்த கை மருந்துக் கடைக்காரனின் கையைப் போல இருந்தது. வைகாசி முழுவதும் அவள் தனக்கென்று தட்டுப் போட்டு உட்காரவில்லை. அவருக்குச் சமைத்தது போக, காலையில் மிஞ்சிய இட்லியை மோரில் பிசைந்து நின்றபடி தின்றாள்.

அந்த மாதக் கடைசியில் டாக்டரிடம் போனார்கள். ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டருக்கு முகம் மலர்ந்துவிட்டது. நாச்சிமுத்து பரிசோதனைக் கட்டிலுக்குச் சற்று மேலே படுத்திருந்தார், டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைக்கக் கொஞ்சம் எட்ட வேண்டியிருந்தது.

"எடை கொறஞ்சிருக்கு. நல்லதுதான்" என்றார் டாக்டர்.

"எந்த எண்ணெய் ஊத்தட்டுமுங்க?" என்றாள் சாந்தாமணி.

"எல்லாரும் இதத்தான் கேக்கறீங்க. எந்த எண்ணெயும் மருந்து இல்லீங்கம்மா, எந்த எண்ணெயும் வெஷமும் இல்ல. மாத்தி மாத்தி ஊத்துங்க, கொஞ்சமா ஊத்துங்க."

"ஊத்தாமயே இருந்துட்டா?"

"இருந்து பாருங்களேன்" என்று சொல்லி அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

டாக்டர் வாயால் சொன்ன பிறகு அவளால் ஸ்பூனைத் தொட முடியவில்லை. வாத்தியாரின் சுவர்க் கணக்கு பாதியில் நின்றது. ஆனி பிறந்தது, பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று சிவன்மலையைத் தாண்டி ஊருக்குள் இறங்கி, காற்றாலைகளைச் சுற்றிவிட்டு, கொடியில் காயும் துணிகளைப் பக்கத்து வீதிக்குக் கொண்டுபோய்ப் போட ஆரம்பித்தது. ஆனிக் காற்று ஒத்திகைதான், ஆடிக் காற்றுதான் கூரைத் தகரத்தைப் பிடுங்கும் என்று அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். நாச்சிமுத்து இடுப்புயரத்துக்கு வந்திருந்தார். ஒரு மத்தியானம் பல் குத்திக்கொண்டு வாசலில் நின்றவரைக் காற்று தூக்கி, ரங்கநாயகி வீட்டு முருங்கை மரத்தில் சாத்திவிட்டுப் போனது. அவர் கிளையைப் பிடித்துக்கொண்டு, அங்கிருந்தபடியே நான்கு காய் பறித்துக் கீழே போட்டார்.

வீதி கூடி யோசித்தது. வெல்டிங் பட்டறைக்காரர் இரும்பு அடி வைத்து ஒரு ஜோடி செருப்பு செய்து கொண்டு வந்தார். செருப்பு தரையில் இருந்தது, அவர் அதிலிருந்து மேலே போய்விட்டார். சட்டைப் பையில் கூழாங்கல் போட்டார்கள், சட்டை கிழிந்தது. கடைசியில் சாந்தாமணி கிணற்றுக் கயிற்றை அவர் இடுப்பில் கட்டி, மறு நுனியை ஜன்னல் கம்பியில் முடிந்தாள்.

"மாட்டக் கட்டற மாதிரிக் கட்டறயே அம்மிணி."

"மாடு எங்கயும் பறந்து போகாதுங்க" என்றாள் அவள். சொல்லிவிட்டு, முடிச்சை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தாள்.

அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆடி பிறக்க எட்டு நாள் இருந்தது. இந்த மனிதனை ஒரு காற்று கொண்டுபோனால், ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்ட வாய்கள் எல்லாம் திரும்பி வந்து, என்ன எண்ணெய் ஊத்துனே என்று கேட்கும். எதுவும் ஊத்தலீங்க என்று சொல்ல வேண்டியிருக்கும்.

அந்த வாரத்துச் செவ்வாய்க்கிழமை, வெளியே ரொம்பக் காற்று என்பதால் கயிற்றை அவிழ்த்து அவரை வீட்டுக்குள் விட்டுவிட்டு, அவள் பின்கட்டில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். சமையலறையில் அண்டா நகரும் சத்தம் கேட்டது. ஈரக் கையோடு ஓடி வந்து பார்த்தபோது நாச்சிமுத்து கூரைக்கு ஒரு முழம் கீழே, மேல்சிலாப்பின் ஓரத்தில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, கடைத்தெருவில் மேஜை போட்டு உட்கார்ந்த பத்திர எழுத்தர் போல இருந்தார். முன்னால் தூக்குப்போசி இருந்தது. மூடியைத் திறந்திருந்தார்.

மூக்கைக் கொண்டுபோய் முகர்ந்தார். "இது இன்னும் இருக்குதா" என்றார்.

சாந்தாமணி கையிலிருந்த ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டே, அண்ணாந்து பார்த்தபடி, எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் தலையைத் தூக்காமல் சொன்னதையும், அவர் பொத்தான் போட்டுக்கொண்டிருந்ததையும், சாக்கடையையும் ரங்கநாயகியையும் சொன்னாள். "வீணாக்கக்கூடாதுன்னு நெனச்சேனுங்க. ஒவ்வொரு சொட்டும் ஒங்க குழாயிலதான் போய் ஒட்டியிருக்குது. கடலெண்ணெய் மேல பழி போட்டுட்டு நானும் தலையாட்டிட்டு இருந்தேன்."

அவர் போசியின் மூடியைத் திரும்பப் போட்டார். அவள் தலை குனிந்துவிட்டதால் மேலிருந்து வகிடு மட்டும் தெரிந்தது. வகிட்டில் நரை இவ்வளவு இருக்கிறது என்பதை அவர் இதற்கு முன் பார்த்ததில்லை.

"ஆஸ்பத்திரியில நெஞ்சுக் குழாய்க்குள்ள ஒயர விடறப்ப ஒருக்கா நெனச்சேன்" என்றார். "இவ சோறுதான்னு. பொய் சொல்லக்கூடாது."

அவள் தலையை ஆட்டினாள்.

"அப்புறம் இன்னொன்னும் ஞாபகம் வந்துச்சு. எடைமேடைக்கு எதுத்தாப்பல போண்டாக்கடை இருக்குதல்லோ. பதினெட்டு வருஷம். காலைல ரெண்டு, பொழுதோட ரெண்டு. சனிக்கெழமை மொளகா பஜ்ஜி. அந்தச் சட்டி எண்ணெயக் கீழ ஊத்தி நான் ஒரு நாளும் பாத்ததில்ல. உம்பட போசியெல்லாம் அதுகிட்ட கங்காத் தீர்த்தம்."

"பதினெட்டு வருஷமா?"

"ஆமா."

"பசிக்கலைன்னு சோத்தப் பாதியில வெச்சுட்டு எந்திரிப்பீங்களே, அதெல்லாம்?"

"அதெல்லாம் அதுதான்."

"எஞ் சமையல்ல என்னமோ கொறைன்னு நான் புளிய மாத்தி, மொளகா மாத்தி" என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள். பல மாதங்களாக அவரை நோயாளியாகவே பார்த்திருந்தவளுக்கு, திட்ட வேண்டிய ஒரு மனிதன் கூரையோரத்தில் தெரிந்தான். அது ஒரு விதத்தில் ஆறுதலாக இருந்தது. "எறங்குங்க கீழ" என்றாள்.

"எறங்க முடிஞ்சா எறங்க மாட்டனா."

அவள் அடுப்பைப் பற்ற வைத்தாள். மாவு இருந்தது. அலமாரியில் வாத்தியார் வரிசைப்படி அடுக்கி வைத்த ஏழு புட்டிகள் இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் அவர் கையெழுத்தில் ஓர் எண். அவள் எண்ணைப் பார்க்கவில்லை. மூடியைத் திறந்து முகர்ந்து, எது இன்றைக்கு வாசமாக இருக்கிறதோ அதை எடுத்தாள், அது கடலெண்ணெயாக இருந்தது, கல்லின் மேல் கையாலேயே தெளித்து, ஸ்பூனைத் தேடாமல், ஓரம் சிவக்கும் வரை காத்திருந்து, ஒரு தோசையைச் சுட்டெடுத்தாள். நாற்காலி மேல் ஏறித் தட்டை நீட்டினாள். பிறகு தனக்கு ஒன்று சுட்டாள். அவளும் நாற்காலி மேலேயே நின்று, சிலாப்பில் தட்டை வைத்து, அவருக்கு எதிராகத் தின்றாள். தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. அவள் இறங்கிப்போய் இன்னும் இரண்டு சுட்டு வந்தாள். மூன்றாவதைத் தின்னும்போது அவருடைய முழங்கை சிலாப்பிலிருந்து நழுவியது, நான்காவதுக்கு அவள் நாற்காலியிலிருந்து இறங்க வேண்டியதாயிற்று, அவர் கண் ஏறக்குறைய அவள் கண் மட்டத்துக்கு வரும் வரை மெதுவாக இறங்கி, தரைக்கு நான்கு விரற்கடை மேலே வந்து நின்றார். கல்லில் எண்ணெய் மிஞ்சவில்லை. வெளியே தகரம் தடதடத்தது.

"போதும்" என்றார் அவர். "இன்னும் ஒண்ணு சுட்டீன்னா நெஞ்சு கணக்குக் கேக்கும்."

நான்கு விரற்கடைக்குக் கீழே அவர் அதற்குப் பிறகு இறங்கவில்லை. எந்த எண்ணெய் ஊற்றினாலும், கொஞ்சமாக ஊற்றினால், அங்கேதான் நின்றார். வாத்தியார் மறுநாளிலிருந்து பத்து நாள் வந்து கோடு போட்டுப் பார்த்து, எல்லாக் கோடும் ஒன்றின் மேல் ஒன்றாக விழுவதைக் கண்டு, இதில் இனிக் கணக்கு இல்லை என்று ஸ்கேலை எடுத்துக்கொண்டு போனார். கறுத்த எண்ணெயை என்ன செய்வது என்று ஒரு நாள் அவள் கேட்டாள். கேட் கீலுக்கு ஊற்றலாம் என்றார் அவர். ஊற்றினார்கள். வீதியிலிருந்த அத்தனை கேட்டுகளுக்கும் ஊற்றிய பிறகும் மிச்சம் இருந்தது. ரங்கநாயகி தன் வீட்டுக் கேட்டைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, "ஏம்புள்ள, இத்தனை எண்ணெயா மிச்சம் பிடிச்சே" என்று மட்டும் கேட்டாள். "ஆமாங்க்கா, இருபத்தாறு வருஷத்து எண்ணெய்" என்றாள் சாந்தாமணி. ரங்கநாயகி கொஞ்ச நேரம் கேட்டையே பார்த்துவிட்டு, தன் வீட்டுச் சமையலறைப் பக்கம் திரும்பி ஏதோ யோசித்தாள்.

ஆடி முதல் வாரத்தில், ஏழு புட்டிகளின் அடியிலும் மிஞ்சியிருந்த கொஞ்சநஞ்ச எண்ணெயும் தீர்ந்தது. தீர்ந்துபோன புட்டியைக் கவிழ்த்துப் பார்ப்பது சாந்தாமணிக்குப் புதிதாக இருந்தது. செக்கு இருக்கும் தாராபுரம் ரோட்டுக்கு எப்போதும் அவள் தனியாகத்தான் போவாள். அன்று அவர், நானும் வர்றேன் என்று செருப்பைத் தேடினார், பிறகு தேவையில்லை என்று விட்டுவிட்டார். தெருமுனை வரை வீடுகள் காற்றை மறைத்துக்கொண்டிருந்தன. மெயின் ரோட்டில் கால் வைத்ததும் மேற்கிலிருந்து ஒரு வீச்சு வந்து, அவர் ரோட்டுக்குக் குறுக்கே இரண்டடி நகர்ந்தார். நான்கு விரற்கடையானாலும் காற்றுக்கு அது போதும். சாந்தாமணி எட்டி அவர் கையைப் பிடித்தாள்.

கல்யாணத்தன்று அக்கினியைச் சுற்றும்போது பிடித்ததுதான். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் கூட, நர்ஸ்கள் நடமாடும் இடத்தில் பிடிக்கக் கூச்சப்பட்டு, கட்டில் கம்பியைத்தான் பிடித்திருந்தாள். பேக்கரி வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் பார்த்தார்கள். தரையில் படாமல் வரும் மனிதரை அவர்கள் நான்கு மாதமாகப் பார்த்துப் பழகியிருந்தார்கள். கை கோத்துக்கொண்டு வரும் ஐம்பது வயதுக்காரர்களைப் பார்க்க அவர்களுக்குக் கொஞ்ச நேரம் தேவைப்பட்டது. ஒருவர் டீயை ஊதுவதை மறந்துவிட்டார்.

செக்கில், புனலும் அளவைக் குவளையும் வைத்துக்கொண்டு நின்ற பெண், வழக்கமான அஞ்சு லிட்டர் டின்னுக்குக் கையை நீட்டினாள்.

"டின்னு வேண்டாமுங்க. கடலெண்ணெய் அரை லிட்டர். புட்டி கொண்டாந்திருக்கறேன்."

"அரை லிட்டர் எத்தன நாளைக்குங்க்கா வரும்?"

"தீந்தா வர்றோம்" என்றார் நாச்சிமுத்து.

அந்தப் பெண் ஊற்றினாள். சாந்தாமணி கொஞ்சம் தயங்கி, இன்னொரு சின்னப் புட்டியைப் பையிலிருந்து எடுத்து வைத்தாள். "இதுல தேங்காயெண்ணெய் கால் லிட்டர்."

"தலைக்குங்களா, சமையலுக்குங்களா?"

"சமையலுக்குத்தான்."

நாச்சிமுத்து திரும்பிப் பார்த்தார். "தேங்காயெண்ணெய் நமக்கு எதுக்கு? எனக்குத்தான் அது மத்தியானத்துல தூக்கிருச்சே."

"ஒங்களுக்கு இல்லீங்க. எனக்கு" என்றாள் சாந்தாமணி. "பொள்ளாச்சியில எங்கூட்டுல பொரியலுக்கு அதுதான் ஊத்துவோம். இங்க வந்ததுல இருந்து தின்னல."

அவர் அந்தப் பெண்ணிடம், "அதையும் அரை லிட்டராவே ஊத்தும்மா" என்றார். சின்னப் புட்டி கால் லிட்டர்தான் கொள்ளும் என்று அவள் காட்டிய பிறகும், அவர் அதையே இன்னொரு முறை சொன்னார்.

திரும்பி வரும்போது காற்று நேர் எதிரில் இருந்தது. அவள் ஒரு கையில் பையும் இன்னொரு கையில் அவருமாக, முந்தானையை வாயில் கவ்விக்கொண்டு, முன்னால் சாய்ந்து நடந்தாள். அவர் பின்னால் கொஞ்சம் படபடத்துக்கொண்டு வந்தார். மூன்றாம் வீதியில் ரங்கநாயகி, சத்தமில்லாமல் திறக்கும் தன் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். இருவரையும் பார்த்தாள், பையைப் பார்த்தாள். என்ன எண்ணெய் என்று கேட்பாள் என்று சாந்தாமணி எதிர்பார்த்தாள்.

"கைய விட்றாதே புள்ள" என்றாள் ரங்கநாயகி.

சாந்தாமணி பதில் சொல்ல வாயைத் திறந்தாள், முந்தானை காற்றில் போயிற்று. அதைப் பிடிக்கப் பையைக் கீழே வைத்தாளே தவிர, இன்னொரு கை இருந்த இடத்திலேயே இருந்தது.